ஆவணமும் அறமும்

குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர் எல்லை கடந்து பிறநாடு புகுந்துவிட்டால், அவரைத் தொடர்ந்து சென்ற சட்டம் அவ்வெல்லைக் கல்லருகே நின்றுவிடுகின்றது. அதுகாறும் ஆணையிட்டுப் பழகிய அரசு அக்கணம் முதல் வேண்டிக் கேட்கும் நிலைக்கு வருகின்றது. தன் குடிகளிடம் காவலரை அனுப்பும் அரசு அயலரசிடம் கடிதத்தை அனுப்புகின்றது. அக்கடிதமும் தனித்துச் செல்வதில்லை. முத்திரையிட்டுச் சான்றுப்படுத்திய ஆவணக் கட்டொன்றைச் சுமந்துகொண்டே செல்கின்றது. அக்கட்டு நிறைவுடையதாயின் மனிதர் ஒருவர் விலங்கிடப்பட்டு விமானமேறுகின்றார். குறைவுடையதாயின் அவர் தம் விருப்பப்படி வேறொரு விமானத்தில் ஏறிவிடவுங் கூடும். மனிதரின் உயிரும் உரிமையும், கொல்லப்பட்டோரின் உறவினர் காத்திருக்கும் நியாயமும் ஒரு கடதாசிக் கட்டின் செம்மையில் தங்கியிருத்தல் தகுமா என்பது சட்டக்கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரிய வினாவன்று.

இச்செயலைக் கையளிப்பு எனக் குறிப்பிடலாம். நாளேடுகள் இதனை நாடுகடத்தலோடு சேர்த்துக் குழப்புவது வழக்கம். ஒரு நாடு தனக்கு வேண்டாத அந்நியரைத் தானாகவே வெளியேற்றுவது நாடுகடத்தல்; பிறிதொரு நாடு கேட்க, அந்நாட்டின் நீதிமன்றில் நிறுத்துவதற்கென ஒருவரை ஒப்புவிப்பது கையளிப்பு. முன்னையதில் அனுப்பும் அரசின் விருப்பு முதன்மை பெறுகின்றது. பின்னையதிற் கேட்கும் அரசின் நியாயம் நிறுக்கப்படுகின்றது. நிறுப்பதற்கு வேண்டிய படிக்கற்களே ஆவணங்கள்.

1990இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட கையளிப்பு மாதிரி உடன்படிக்கை இவ்வாவணங்களை எடுத்துரைக்கின்றது. தேடப்படுபவரை இயன்றவரை துல்லியமாக அடையாளங்காட்டும் விவரணம், குற்றத்தை வகுக்கும் சட்டவாசகம், அதற்குரிய தண்டனை, பிடியாணையின் பிரதி, எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்ன செய்யப்பட்டது என்னும் கூற்று, இவையனைத்தினதும் மொழிபெயர்ப்பு ஆகியன அவை. பிரித்தானியச் சட்டமரபைத் தழுவிய நாடுகள் பல இவற்றோடு அமையாது, வழக்கை விசாரணைக்கு அனுப்பப் போதிய சான்றுகளையும் நெடுங்காலம் கேட்டு வந்தன. குடியேற்றக் காலத்தில் 1881ஆம் ஆண்டின் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் இலங்கை உட்படப் பேரரசு முழுவதற்கும் செல்லுபடியாயிற்று. சுதந்திரத்தின் பின் இலங்கை தனக்கென இயற்றியது 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம். அவசரத்தின்போது ஆவணங்கள் வருமுன்னரே ஒருவரைத் தற்காலிகமாகத் தடுத்து வைக்கலாம். ஆயின் அதற்கும் நாட்கணக்கு உண்டு. மேற்சொன்ன மாதிரி உடன்படிக்கையில் அது 40 நாள். அதற்குள் கட்டு வந்துசேராவிடின் கதவைத் திறந்துவிடல் வேண்டும்.

திறந்துவிடுதல் நீதியா என்பதே வினா. பொதுமக்களின் விடை பெரும்பாலும் ஒன்றேயாகும்: கொலையுண்டவன் மீளப் போவதில்லை, கொன்றவனோ எழுத்துப்பிழை ஒன்றினால் மீண்டுவிட்டான், இஃது எழுதுவினைஞரின் ஆட்சியேயன்றி நீதியின் ஆட்சியன்று. இவ்விடையில் உள்ள சினம் மதிப்பிற்குரியது. அச்சினத்தைப் புறந்தள்ளிவிட்டுச் சட்டத்தின் பெருமை பேசுவோர் தம்மை இழவு வீட்டில் ஒருகணம் நிறுத்திப் பார்த்திலர் என்றே சொல்லவேண்டும். ஆயினும் விடை இவ்வளவு இலகுவானதன்று என்பதற்கு அண்மைக்கால வரலாறு இரண்டு பெயர்களை முன்வைக்கின்றது.

முதலாவது பெயர் எட்வேட் ஸ்னோடன். ஐக்கிய அமெரிக்காவின் இரகசியக் கண்காணிப்புத் திட்டங்களை 2013ஆம் ஆண்டில் உலகறியச் செய்த அவர் அப்போது ஹொங்கொங்கிலே தங்கியிருந்தார். அவரைத் தற்காலிகமாகக் கைதுசெய்யுமாறு அமெரிக்கா கேட்டது. அவ்வேண்டுகோள் தனது சட்டத்தின் தேவைகளை முற்றாக நிறைவுசெய்யவில்லை எனவும், மேலதிக விளக்கம் கேட்டிருப்பதாகவும், இடைப்பட்ட காலத்தில் அவரைத் தடுக்கச் சட்ட ஆதாரம் இல்லை எனவும் ஹொங்கொங் அரசு கூறிற்று. 2013 யூன் 23இல் அவர் மொஸ்கோ நோக்கிப் பறந்துவிட்டார். குறை யாதெனப் பின்னர் அங்குள்ள நீதித்துறைச் செயலாளர் விளக்கினார்: குடிவரவுப் பதிவில் அவரது நடுப்பெயர் ஜோசப், அமெரிக்கா அனுப்பிய தாள்களில் ஓரிடத்தில் ஜேம்ஸ், பிறிதோரிடத்தில் வெறும் முதலெழுத்து, கடவுச்சீட்டின் இலக்கமும் தரப்படவில்லை. உலகெங்கும் முகம் காட்டப்பட்ட ஒருவரை யாரெனக் கேட்பது வெறும் சாக்குப்போக்கு என அமெரிக்க நீதித் திணைக்களம் சீறியது. அச்சீற்றத்திலும் உண்மை இல்லாமலில்லை. அந்நாட்களில் ஹொங்கொங்கில் அவர் முகத்தை அறியாத பத்திரிகை வாசகர் இருந்திருப்பாரா என்பது ஐயமே.

இரண்டாவது பெயர் மெதானி. அகதிகளைக் கடல்வழியே கடத்தும் கூட்டத்தின் தலைவன் எனத் தேடப்பட்ட எரித்திரியர் ஒருவரின் முதற்பெயர் அது. 2016 யூனில் சூடானின் கார்ட்டூமிலிருந்து இத்தாலிக்கு ஒரு மனிதர் கையளிக்கப்பட்டார். பெரும் வெற்றியென அது கொண்டாடப்பட்டது. வந்து சேர்ந்தவரும் எரித்திரியர். அவர் பெயரும் மெதானி. ஆனால் தேடப்பட்டவர் அவரல்லர். தேடப்பட்டவரை அறிந்தோர் பலர் இவர் அவரல்லர் எனச் சொல்லியும் வழக்கு நீண்டது. 2019 யூலையிலேதான், பிடிபட்டவர் வேறொருவர் என்பதைப் பலேர்மோ நகர நீதிமன்றம் ஏற்றது. இடைப்பட்ட மூன்றாண்டுகளையும் அவ்விளைஞர் சிறையிற் கழித்தார். முதலெழுத்தால் மட்டும் வேறுபடும் பெயர்கள் மலிந்த சமூகத்தில் வாழ்வோர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய மூவர் இருப்பதும், தந்தை பெயரின் முதலெழுத்தே அவர்களைப் பிரித்துக் காட்டுவதும் இங்கு நாளாந்த வழக்கம்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது நடுப்பெயர் பற்றிய வினா முட்டாள்தனமானதன்று என்பது புலனாகும். ஹொங்கொங்கில் அவ்வினா நேர்மையுடன் கேட்கப்பட்டதா என்பது வேறு. கேட்கத்தக்க வினாவா என்பது வேறு. கார்ட்டூமிலே யாரேனும் அதனை உரிய வேளையில், உரிய அழுத்தத்தோடு கேட்டிருப்பின் மூன்றாண்டுச் சிறை நேர்ந்திராது. ஒரே வினா ஓரிடத்திற் சாக்காகவும் மற்றோரிடத்திற் காப்பாகவும் அமைகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. புகழ்பெற்றவரின் பொருட்டு எழுப்பப்படும் வினா, பெயர் தெரியாத ஏழை ஒருவரின் பொருட்டும் அதே நாட்டில் எழுப்பப்படுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எழுப்பப்படுமாயின் அது நெறி, அன்றேல் அரசியல்.

ஆவணங்காட்டி ஒரு மனிதரைக் கேட்டல் தமிழிலக்கியத்துக்கும் புதியதன்று. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணப் பந்தருள் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை எனக் கூறி ஓலையைக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. அங்கு நிகழ்வதைச் சேக்கிழார் விரித்துரைக்கும் முறை இன்றைய கையளிப்பு நீதிமன்று ஒன்றின் நடைமுறையை நினைவூட்டுவது. அந்தணர் பிறிதோர் அந்தணர்க்கு அடிமையாகும் வழக்கம் உண்டா என்னும் வினா முதலில் எழுகின்றது. அதாவது, கோரிக்கையின் அடிப்படையே சட்டத்துக்கு ஏற்றதா என்பது. பின்பு, கிழிந்தது படியோலையே, மூலவோலை தம்மிடம் உண்டு என்கிறார் முதியவர். அதற்குத் தீங்கு நேராது காப்பதாக அவை உறுதி கூறிய பின்னரே அவர் அதனை வெளியில் எடுக்கின்றார். அதிலுள்ள கையெழுத்துச் சுந்தரரின் பாட்டனாருடையதுதானா என்று, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகின்றது. ஒத்திருக்கவே தீர்ப்பு வழங்கப்படுகின்றது. வந்தவர் இறைவன் என்பது அவையினர்க்குத் தெரியாது, கற்போர்க்குத் தெரியும். கேட்டவன் இறைவனேயாயினும் ஓலையைக் காட்டி, அவ்வோலை பொய்யோலை அன்று என்பதையும் நிறுவியே தன் அடியானைப் பெறவேண்டியிருந்தது என்பதைச் சேக்கிழார் தயக்கமின்றிப் பாடியிருக்கின்றார். பக்திச் சுவைக்காகவே படிக்கப்படும் அப்பகுதியில் வழக்கியல் பற்றிய இத்துணை நுட்பம் இருத்தல் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

ஆவணத்தைக் கோருவதன் அறம் ஈண்டுத் தெளிவாகின்றது. உரிமை கோருபவர் எத்துணை வலியவராயினும், அவரைச் சாராத மூன்றாமவர் ஒருவர் முன்னிலையிற் காரணங் காட்டவேண்டும். உள்நாட்டில் ஓர் அரசு தனது காவலரையும் தனது வழக்குத்தொடுநரையும் தனது நீதவானையும் கொண்டு இயங்குகின்றது. அம்மூவரும் நேர்மையுடையோராயினும் ஒரே கூரையின்கீழ் உள்ளவர்கள். கையளிப்பு வேண்டுகோளிலோ அவ்வரசு தன் கூரையை விட்டு வெளிவந்து, தன் மொழி அறியாத, தன் கோபங்களிற் பங்கு கொள்ளாத அந்நியர் ஒருவர்க்குத் தன் கதையைச் சொல்லவேண்டியிருக்கின்றது. சம்பவம் நிகழ்ந்த தெருவை அவர் கண்டிலர்; இறந்தவரின் பெயரை உச்சரிக்கவும் அறியார். அவர் கையில் இருப்பன தாள்கள் மட்டுமே. தாளில் எழுதி அந்நியருக்கு விளங்கவைக்க இயலாத குற்றச்சாட்டு, எழுதியவருக்கேனும் விளங்கிற்றா என்று ஐயுறுவதில் தவறில்லை.

இதற்கு மறுதலையாக, ஆவணமே இன்றி ஒருவரைக் கொண்டுவந்தால் என்ன நேரும்? மெக்சிக்கோவின் குவாதலஹாரா நகரில் 1985இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். சித்திரவதை நீடிக்கும்பொருட்டு அவரை உயிரோடு வைத்திருக்க உதவினார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அல்வாரஸ் மச்சைன் என்னும் வைத்தியர். கையளிப்பு உடன்படிக்கை இரு நாடுகளுக்குமிடையே நடைமுறையில் இருந்தது. ஆயினும் 1990 ஏப்பிரலில் அவர் தம் அலுவலகத்திலிருந்து ஆயுதபாணிகளாற் கடத்தப்பட்டு, தனியார் விமானத்தில் ரெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மெக்சிக்கோ கண்டித்தது. கடத்தலைத் தடைசெய்யும் வாசகம் உடன்படிக்கையில் இல்லை. ஆதலால் அவரை விசாரிக்கத் தடையில்லை என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992 யூனில் ஆறுக்கு மூன்று எனத் தீர்ப்பளித்தது. உடன்படிக்கை ஒன்று கதவு எங்கே என்று காட்டியிருக்க, சுவரைத் துளைக்கக் கூடாது என அதில் எழுதப்படவில்லை என்று வாதிடுவதை இது ஒத்தது. அவ்வாண்டு டிசெம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்குத்தொடுநர் தரப்புச் சாட்சியம் முடிந்ததும், அது வெறும் ஊகமேயன்றிச் சான்றன்று எனக் கூறி நீதிபதி அவரை விடுதலை செய்தார்.

இந்நிகழ்வு ஆழ்ந்து நோக்கற்பாலது. ஆவணங்களை ஆயத்தஞ் செய்து மெக்சிக்கோ நீதிபதி ஒருவர் முன் வைக்கவேண்டியிருந்திருப்பின், 1992இல் வெளிப்பட்ட வெறுமை 1990இலேயே வெளிப்பட்டிருக்கக் கூடும். கடத்தியவர்கள் காலத்தை மிச்சப்படுத்தவில்லை; தம் கையில் உள்ளது என்னவென்று தாமே எண்ணிப்பார்க்கும் கடமையைத்தான் மிச்சப்படுத்தினர். பிற நீதிமன்றங்கள் இவ்வழியிற் செல்ல மறுத்தமை ஆறுதல் தருவது. நிறவெறி ஆட்சி முற்றாக நீங்காதிருந்த 1991இலே, சுவாசிலாந்திலிருந்து கடத்திவரப்பட்ட இப்ராஹிம் என்பவரைத் தண்டிக்கத் தனக்கு அதிகாரமில்லை எனத் தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. வழக்கிடும் அரசு மாசற்ற கைகளோடு வரவேண்டும் என்பது அதன் கருத்து. பிரித்தானியப் பிரபுக்கள் சபையும் 1993இல் பெனற் வழக்கில் இதனையொத்த நிலைப்பாட்டை எடுத்தது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் 1971இல் வெளிவந்த தமது நீதிக் கோட்பாட்டு நூலில், குற்றவியல் விசாரணையை நிறைவற்ற நடைமுறை நீதிக்கு உதாரணமாகக் கொள்கின்றார். குற்றஞ் செய்தவர் மட்டுமே தண்டிக்கப்படவேண்டும் என்னும் அளவுகோல் உண்டு. ஆயின் அவ்விளைவைத் தவறாது தரும் நடைமுறை எதுவும் மனிதரிடத்து இல்லை. கையளிப்பு அந்நிறைவின்மையை இருமடங்காக்குகின்றது. இரண்டு நாடுகள், இரண்டு மொழிகள், இரண்டு சட்டங்கள். நடைமுறை பிழைபடவே செய்யும். எத்திசையிற் பிழைபடுவது பொறுக்கத்தக்கது என்பதே எஞ்சும் வினா. குறைபாடுடைய கோவை திருப்பியனுப்பப்பட்டால் அதனைத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். பெரும்பாலான உடன்படிக்கைகள் அதற்கு இடமளிக்கின்றன. பிழையாக அனுப்பப்பட்ட மனிதரின் மூன்றாண்டுகளை எந்த அமைச்சினாலும் திருப்பியனுப்ப இயலாது.

இவ்வாதம் வலியது, எனினும் முழுமையானதன்று. திருத்தி அனுப்பும் வரை தேடப்படுபவர் காத்திருப்பதில்லை என்பதை ஹொங்கொங் காட்டிற்று. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. ஆவணத்தின் நுட்பங்கள் யாவர்க்கும் பொதுவாக எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் பயன்படுத்தும் ஆற்றலோ யாவர்க்கும் பொதுவன்று. சிறந்த சட்டத்தரணிகளை அமர்த்த வல்லவர்க்கு ஒவ்வொரு தாளும் ஒரு வாயில். வறியவர்க்கு அதே தாள் ஒரு சுவர்.

சிலியை 1973 முதல் 1990 வரை ஆண்ட ஒகஸ்தோ பினோச்சேயின் வழக்கு இதற்குச் சான்று. அவரது ஆட்சியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். 1998 ஒற்றோபர் 16ஆம் நாள் இரவு, ஸ்பானிய நீதிபதி பல்தசார் கார்சோன் விடுத்த வேண்டுகோளின்மீது, இலண்டன் வைத்தியசாலை ஒன்றில் அவர் கைதுசெய்யப்பட்டார். அவசரமாகப் பெறப்பட்ட அம்முதற் பிடியாணை, சிலியில் ஸ்பானியப் பிரசைகளைக் கொன்றமையைக் குற்றமாகக் கூறிற்று. கொல்லப்பட்டோர் தன் பிரசைகள் என்பதற்காகப் பிறநாட்டில் நிகழ்ந்த கொலையை விசாரிக்கும் அதிகாரம் ஆங்கிலச் சட்டத்தில் இல்லை. ஆதலின் அப்பிடியாணை நிற்கவில்லை. சித்திரவதை முதலிய குற்றங்களைச் சுட்டும் இரண்டாவது பிடியாணை ஒற்றோபர் 22இல் எழுதப்பட்டிராவிடின் அவர் அப்போதே வீடு திரும்பியிருப்பார். பிரபுக்கள் சபை 1999 மார்ச் 24இல் அளித்த முடிவில், பிரித்தானியா சித்திரவதைக்கெதிரான சமவாயத்தை ஏற்றுக்கொண்ட 1988 டிசெம்பர் 8இன் பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு மட்டுமே அவரைக் கையளிக்கலாம் எனத் தீர்த்தது. பதினேழாண்டு ஆட்சியில் ஏறக்குறைய முதற் பதினைந்து ஆண்டுகளின் சித்திரவதைகள் ஒரு திகதியின் அப்புறத்தே விழுந்தன. இரத்தம் காய்ந்தமைக்கும் அத்திகதிக்கும் யாதொரு தொடர்புமில்லை.

இங்கு நீதி தோற்றது எனச் சொல்வார்க்கு எளிதில் மறுமொழி கூற இயலாது. ஆனால் அவ்வழக்கு முடிந்த விதத்தையும் சேர்த்து நோக்கவேண்டும். இறுதியில் பினோச்சேயைக் காப்பாற்றியது ஆவணக் குறையன்று. மறைத்து வைக்கப்பட்ட ஓர் ஆவணம். அவர் விசாரணையை எதிர்கொள்ளும் உடல்நிலையில் இல்லை என்ற வைத்திய அறிக்கையைப் பிரித்தானிய உள்நாட்டு அமைச்சர் யக் ஸ்ரோ கோரிய நாடுகளுக்குக் காட்ட மறுத்தார். பெல்ஜியம் நீதிமன்றுக்குச் சென்ற பின்னரே 2000 பெப்ரவரியில் அது அந்நாடுகளுக்கு வெளிப்படுத்தப்பட்டது. மார்ச் 2இல் பினோச்சே சிலிக்குப் புறப்பட்டார். நீதிமன்றின் முன் வைக்கப்பட்ட தாள்கள் அவரைப் பதினாறு மாதங்களுக்கு மேல் தடுத்து வைத்தன. அமைச்சரின் மேசையிலிருந்த தாள் அவரை விடுவித்தது. பலரறிய வாதிடப்படும் நுட்பம் எரிச்சலூட்டுவதாயினும், மூடிய கதவின் பின் தீர்மானிக்கப்படும் கருணையிலும் அது நம்பத்தக்கது.

ஐரோப்பிய நாடுகள் இத்தாள்களின் சுமையைக் குறைக்க வேறொரு வழியைத் தேர்ந்தன. 2002இல் இணங்கி, 2004இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பிடியாணை ஒரே படிவமாக அமைந்தது. இராசதந்திர வழி நீங்கியது. நீதிபதிக்கு நீதிபதி நேரே எழுதலாயினர். இதன் அடிப்படை பரஸ்பர நம்பிக்கை. நம்பிக்கை உள்ள இடத்தில் தாள் குறையும் என்பது உலகியல். உறவினர்க்குக் கடன் கொடுப்போர் பத்திரம் கேட்பதில்லை. ஆயினும் உறவினர்க்குக் கொடுத்த கடனே பெரும்பாலும் வழக்கில் முடிகின்றது என்பதும் உலகியலே. 2018 மே மாதத்தில் கற்றலோனிய முன்னாள் அமைச்சர்கள் மூவரை ஸ்பெயின் கேட்டபோது, ஐரோப்பியப் படிவத்துக்கு ஆதாரமான உள்நாட்டுப் பிடியாணை இல்லை என்று கூறி பெல்ஜிய நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரே தாளாகச் சுருங்கிய பின்னரும், அத்தாளின் பின்னால் வேறொரு தாள் இருக்கின்றதா என்னும் வினா மறையவில்லை.

இதுவரை நோக்கியவை யாவும் கடந்தகாலம் பற்றிய ஆவணங்கள்: யார், எங்கே, என்ன செய்தார் என்பன. கையளிப்புக் கோவையில் எதிர்காலம் பற்றிய ஆவணமும் ஒன்றுண்டு. அது வாக்குறுதி. அனுப்பப்படுபவருக்கு இன்னது செய்யமாட்டோம் எனக் கோரும் அரசு எழுதிக்கொடுப்பது. அறநோக்கில் அனைத்தினும் கனமானது இதுவே. இதன் தொன்மை வியப்பளிப்பது. எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசும் ஹிற்றைற் மன்னன் மூன்றாம் ஹத்துசிலியும் கி.மு. 1259 அளவிற் செய்த உடன்படிக்கையிலே தப்பியோடியவரைத் திருப்பியனுப்பும் வாசகம் உண்டு. திருப்பியனுப்பப்பட்டவரின் உயிருக்கோ உறுப்புகளுக்கோ மனைவி மக்களுக்கோ வீட்டுக்கோ தீங்கு செய்யலாகாது என்னும் வாசகமும் அதனருகே உண்டு. ஒருவரை ஒப்படைக்கும் கை, ஒப்படைத்த பின்னும் அவர்மீது சிறிது நிழலைப் படரவிட்டுக்கொண்டேயிருக்கின்றது என்னும் உணர்வு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கின்றது.

வாக்குறுதி வெற்றுத் தாளாகவும் இருக்கலாம். ஜெர்மானியரான யென்ஸ் சேரிங், வேர்ஜீனியா மாநிலத்தில் 1985இல் நிகழ்ந்த இரட்டைக் கொலைக்காக அமெரிக்காவாற் கேட்கப்பட்டவர். மரணதண்டனை பற்றி பிரித்தானியா உறுதிமொழி கேட்டபோது, அவ்வூர் வழக்குத்தொடுநர் சத்தியக்கடதாசி ஒன்றை அனுப்பினார். மரணதண்டனை விதிக்கப்படலாகாது என்பது பிரித்தானியாவின் விருப்பம் எனத் தீர்ப்பு வேளையில் நீதிபதிக்கு அறிவிக்கப்படும் என்பதே அதன் சாரம். அதே வழக்குத்தொடுநர் அத்தண்டனையைத் தாமே கோரும் எண்ணத்தையும் கைவிடவில்லை. கையொப்பமும் முத்திரையும் குறையாத அத்தாளில் வாக்குறுதி மட்டுமே குறைந்திருந்தது. மரண வரிசையில் ஆண்டுக்கணக்காகக் காத்திருத்தலே மனிதத்தன்மையற்ற நடத்துகை எனவும், அந்நிலையில் அவரைக் கையளிப்பது பிரித்தானியாவின் கடமை மீறலாகும் எனவும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1989 யூலை 7இல் தீர்த்தது. பின்னர் அக்குற்றச்சாட்டு நீக்கப்படும் என உறுதி பெறப்பட்ட பின்பே அவர் அனுப்பப்பட்டார். அனுப்புபவர், அனுப்பப்பட்ட இடத்தில் நிகழ்வதற்கும் பொறுப்பாளி என்னும் கருத்து அத்தீர்ப்பின் பின் வேரூன்றியது. இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் வழக்கில் 2018இலே இலண்டன் நீதவான், மும்பாய் ஆர்தர் வீதிச் சிறையின் பன்னிரண்டாம் கூடத்தை ஒளிப்படச் சுருளில் எடுத்தனுப்புமாறு கேட்டதும் இவ்வேரிலிருந்து கிளைத்ததே. அறைக்குள் இயற்கை வெளிச்சம் புகுமா என்பதையும் கோவையில் காட்டவேண்டியதாயிற்று. கோடிக்கணக்கான கடனைத் திருப்பாதவர்க்குச் சாளரத்தின் அளவு பற்றிய கவலையா என்று ஏளனஞ் செய்தோர் பலர். அச்சிறையில் ஏனையோர்க்கு வெளிச்சம் உண்டா என ஒருவரும் அதுவரை கேட்டிலர் என்பதே ஏளனத்துக்கு உரியது.

வாக்குறுதி உண்மையாகவே அரசைக் கட்டியதற்கு அபு சலேம் வழக்கு சான்றாகும். 1993 மார்ச்சில் பம்பாயில் நிகழ்ந்த தொடர்குண்டு வெடிப்புகளில் 257 பேர் இறந்தனர். அவ்வழக்கில் தேடப்பட்ட இவர் போர்த்துக்கலிற் பிடிபட்டார். மரணதண்டனையோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ அவருக்கு விதிக்கப்படமாட்டாது என 2002 டிசெம்பரில் இந்தியத் துணைப் பிரதமர் எல். கே. அத்வானி எழுத்தில் உறுதி கொடுத்தார். 2005 நவம்பரில் அவர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2017இல் விசாரணை நீதிமன்றம் ஆயுட்சிறை விதித்தது. அரசின் வாக்கு நீதிமன்றைக் கட்டாது, நீதிமன்றின் தீர்ப்பு அரசின் வாக்கைக் கட்டாது என்றவாறு வாதங்கள் எழுந்தன.

அன்று வாக்குக் கொடுத்த அமைச்சர் பதவியில் இல்லை. கேட்ட நாடு தொலைவிலுள்ளது. வாக்கினாற் பயன்பெறுபவர் அனுதாபத்துக்குரியவர் என எவரும் கூறார். வாக்கை மீறுவதற்கு இதனினும் வசதியான சூழல் அமைதல் அரிது. இருநூற்றைம்பத்தேழு குடும்பங்களின் துயரத்தை ஒரு தட்டிலும், இறந்தோரின் சார்பில் எவரையும் கேளாது எழுதப்பட்ட ஒரு கடிதத்தை மறுதட்டிலும் வைத்தால் கடிதம் மேலெழுவதே இயல்பு எனத் தோன்றும். ஆயின் அக்கடிதம் இல்லாவிடின் விசாரணையே நிகழ்ந்திராது. அக்குடும்பங்கள் கேட்ட தீர்ப்பும் கிடைத்திராது. வாக்கின் பயனைப் பெற்றுக்கொண்டு அதன் விலையைக் கொடாதிருத்தல் கூடுமா என்பதே நீதிமன்றின் முன் நின்றது. 2022 யூலை 11இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. அவர் தடுப்பில் இருந்த காலம் 2005 ஒற்றோபர் 12 முதல் கணக்கிடப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும்போது அவரை விடுவிக்குமாறு சனாதிபதிக்கு ஆலோசனை கூற அரசு கடமைப்பட்டுள்ளது எனவும், அதற்குரிய ஆவணங்களை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவைத்தல் வேண்டும் எனவும் அது பணித்தது. அக்கணக்கு 2030இல் முடிகின்றது.